இரண்டும் பெண் என்று வாங்கிய முயல்கள்: சினைச் சந்தேகம் வந்தால் எந்த வழி நல்லது?

“இரண்டும் பெண்தான், கவலைப்படாமல் கொண்டுபோங்கள்” என்று கடையில் சொல்லிக் கொடுத்த ஜோடி. ஒன்றரை மாதக் குட்டிகளாக வீட்டுக்கு வந்து, மூன்று மாதம் ஒரே கூண்டில் வளர்ந்தன. நேற்று மாலை ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியது. திருப்பிப் பார்த்தால் அது ஆண். இனி என்ன செய்வது? முயல் வளர்க்கும் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்வி இது.

இதே நிலையில் ஒருமுறை நானும் இருந்தேன். “பார்க்கலாம், ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது” என்று இருந்துவிட்டேன். மார்கழி விடியலில் கம்பிவலைத் தரையில் மயிரில்லாத ஆறு குட்டிகள் சிதறிக் கிடந்தன. நான்கு விறைத்துப்போயிருந்தன. பதற்றத்தில் ஆண் முயலைப் பிரிக்கவும் மறந்தேன். முப்பத்தோராம் நாள் இரண்டாவது ஈற்று. அந்தக் காலைகளில் ஒன்று இன்னொரு வீட்டில் நடக்காமல் தடுக்க முடியுமானால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## முடிவெடுக்கும் முன்பே செய்ய வேண்டியது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டையும் இன்றே பிரித்துவிடுங்கள். ஒரே கூண்டுக்கு நடுவே வலைத்தடுப்பு வைப்பது போதாது. இடைவெளி விட்டு இரண்டு தனிக் கூண்டுகள் வேண்டும். பெண்ணுக்குப் பெண்ணும் மேலே ஏறுவது உண்டு என்பதால் பாலினத்தையும் சரிபாருங்கள். மடியில் மல்லாத்திப் பிடித்து, இனவுறுப்பின் அருகில் மெல்ல அழுத்தினால் ஆணுக்குக் குழாய் போலவும் பெண்ணுக்குக் கீற்றுப் போலவும் தெரியும். ஆணின் விதைகள் பத்துப் பன்னிரண்டு வாரத்தில்தான் கீழிறங்கும். அதன் பிறகும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கடையில் குட்டியாக இருக்கும்போது இத்தனை பிழை நடக்கிறது.

அடுத்தது நாட்காட்டி. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருப்பது போன்ற குறிப்பிட்ட சினைப்பருவச் சுழற்சி முயலுக்கு இல்லை. இணை சேர்ந்தால், அந்தத் தூண்டுதலால் ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும். இணைசேர்க்கை சில நொடிகளில் முடிந்துவிடும். “ஒரே ஒரு தடவைதான், அதுவும் உடனே விலக்கிவிட்டோம்” என்பதில் ஆறுதல் தேட இடமில்லை.

சினைக்காலம் பெரும்பாலும் 30 முதல் 32 நாட்கள். ஒரே ஒரு சேர்க்கை, அதுவும் கண்ணால் கண்டது என்றால் அந்த நாளிலிருந்து எண்ணுங்கள். வாரக்கணக்கில் ஒன்றாக இருந்திருந்தால் கணக்கு வேறு. குட்டி நாளைக்கே பிறக்கலாம், பிரித்த நாளிலிருந்து 32 நாள் கழித்தும் பிறக்கலாம். நடுவில் உள்ள எந்த நாளும் ஆகலாம். பலர் தவறவிடுவது இதைத்தான்: பிரித்த நாளை முதல் நாளாக எண்ணிக்கொண்டு “இன்னும் ஒரு மாதம் இருக்கிறது” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

## எவற்றை வைத்து எடைபோடுவது?

ஐந்து விஷயங்களைப் பாருங்கள். சேர்ந்து எத்தனை நாள் ஆகியிருக்கும்? தாய்க்கு என்ன வயது, உடல் எப்படி இருக்கிறது? முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவர் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? குட்டி பிறக்கும் மாதம் பனியா, கத்திரி வெயிலா? பிறக்கும் குட்டிகளுக்கு வீடு இருக்கிறதா? பணம் ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருப்பதால் அதைத் தனியாகச் சேர்க்கவில்லை.

இந்த ஐந்தில் ஐந்தாவதுதான் பெரும்பாலோர் கடைசியில் யோசிப்பது. என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான். ஓர் ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். “யாராவது வாங்கிக்கொள்வார்கள்” என்பதை ஒரு வீடாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெயர் சொல்லி, அவர்களிடம் பேசி, “சரி” என்று பதில் பெற்றதுதான் ஒரு வீடு.

சினைதானா என்று உறுதி செய்வதும் இங்கே வருகிறது. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பழகிய கை வயிற்றைத் தடவி, கோலிக்குண்டு போன்ற கருக்களை உணர்ந்துவிடும். பழகாத கை அழுத்தினால் கருவுக்குக் கேடு. புழுக்கையைக் கரு என்று நினைக்கவும் வாய்ப்பு உண்டு. நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள், மருத்துவரிடம் ஸ்கேன் எடுங்கள். மயிரைப் பிடுங்கிக் கூடு கட்டினாலே சினை என்றும் ஆகிவிடாது. கருத்தரிக்காத சேர்க்கைக்குப் பிறகு பொய்ச்சினை வருவது முயல்களில் வழக்கம். பதினாறு, பதினெட்டாம் நாளில் அச்சு அசலாகத் தாய் போலவே கூடு கட்டும். நாட்கணக்கு கையில் இருந்தால் இரண்டையும் பிரித்தறியலாம்.

## வழி ஒன்று: வீட்டிலேயே ஈன விடுவது

வெளியே தெரியும் செலவு மிகக் குறைவு. ஒரு மரப்பெட்டி, உலர்ந்த புல், கூடுதல் தீவனம், அவ்வளவுதான். அதனால்தான் இதைச் சுலபமான வழி என்று நினைக்கிறோம். ஆனால் தயாரிப்போடு ஈன விடுவது வேறு, வேறு வழியில்லாமல் ஈன விடுவது வேறு.

நடுத்தர உடல்வாகு முயலுக்குப் பெட்டி ஏறத்தாழ 40 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் இருக்கலாம். தாய் தாண்டிப் போகும்படி முன்பக்கம் மட்டும் 15 செ.மீ. அளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும். உள்ளே உலர்ந்த புல் அல்லது சுத்தமான வைக்கோல். பஞ்சும் நூல் பிரியும் கந்தல் துணியும் வேண்டாம், குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். நாள் தெரிந்தால் 27ஆம் நாள் பெட்டியை வையுங்கள். மிக முன்னதாக வைத்தால் அதையே கழிப்பிடமாக்கிவிடும். நாள் தெரியாவிட்டால் இன்றே வையுங்கள். அசுத்தமானால் புல்லை மாற்றிக்கொண்டால் போகிறது. கம்பிவலைத் தரை இருந்தால் மேலே பலகை போடுங்கள்.

தீவனத்தில் உலர்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும். வேலிமசால், குதிரைமசால், முயல் மசால் போன்ற பயறுவகைப் பசுந்தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். தண்ணீர் ஒருபோதும் தீரக்கூடாது. கடைசி வாரத்தில் தாய் சாப்பிடுவதை நிறுத்தினால், அதிலும் பருத்த முயலாக இருந்தால், அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். கொழுப்பு கரைந்து நச்சாகி ஓரிரு நாளில் உயிரை எடுக்கும் சினைக்கால நச்சு நோயாக அது இருக்கலாம்.

ஈனுவது பெரும்பாலும் விடியலில் அரை மணிக்குள் முடிந்துவிடும். அதற்கு மேலும் முக்கிக்கொண்டிருந்தாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, தேதி உறுதியாகத் தெரிந்தும் 32 நாள் தாண்டினாலோ காத்திருக்காதீர்கள்.

அதன் பிறகு வரும் கவலைகளில் பாதி தேவையற்றவை. தாய் நாள் முழுவதும் பெட்டிப் பக்கமே போகாது. பதறாதீர்கள், முயலின் இயல்பே அதுதான். நாளுக்கு ஒருமுறை, சில நேரம் இருமுறை, அதுவும் மூன்று நான்கு நிமிடம்தான் பாலூட்டும். குட்டியின் வயிறு உருண்டையாகவும் உடல் கதகதப்பாகவும் இருந்தால் பால் கிடைக்கிறது என்று பொருள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் வீட்டு முயலுக்குப் பொருந்தாது. கையைக் கழுவி, கூட்டுப் புல்லில் தேய்த்துக்கொண்டு தினமும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்; இறந்த குட்டி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

நம் ஊரில் உண்மையான பகை வேறு: எறும்பு, பெருச்சாளி, பூனை. எறும்பு ஒரே இரவில் ஓர் ஈற்றையே அழித்துவிடும். சமையலறை அலமாரிக்குச் செய்வதுபோல் கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கத்திரி வெயிலில் தாய் மூச்சுவாங்கிச் சாயலாம். ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், குட்டிகளின் மேல் கிடக்கும் மயிரில் கொஞ்சம் விலக்கிவிடுங்கள். பனிக்காலத்தில் நேர்மாறு: மயிர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு பிறகுதான் தலைகாட்டும். ஆறு முதல் எட்டு வாரம் தாயோடு விட வேண்டும். பத்து வாரத்திலிருந்து குட்டிகளையும் ஆண், பெண் எனப் பிரிக்க வேண்டும். சிறிய இனங்கள் நான்காம் மாதத்திலேயே, சில அதற்கும் முன்பே, இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இரண்டு கூண்டு வைத்திருந்த வீட்டில் நான்கு கூண்டு வரும். குட்டிகள் பால் மறந்து, தாயின் உடல் தேறும் வரை தாய்க்கான கருத்தடை அறுவையும் தள்ளிப்போகும். தாய் பால் கொடுக்காமல் போனால் கையால் ஊட்டிப் பிழைக்க வைப்பது மிகக் கடினம். இரவும் பகலும் முயன்று நான் தோற்றிருக்கிறேன்.

வயது ஐந்தாறு மாதம் கடந்த, பருக்காத, நல்ல உடல்நிலையில் உள்ள தாய். ஏற்கெனவே பாதி நாள் கடந்துவிட்டது. குட்டிகளுக்கு வீடு பேசி வைத்தாயிற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் இதுவே நல்ல வழி.

## வழி இரண்டு: கருப்பை நீக்கும் அறுவை

சினையோடு சேர்த்துக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது. “குட்டிகளைக் கொல்வதா?” என்று கேட்டு இந்த இடத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வீடில்லாமல் பிறந்த ஆறு குட்டிகள் கைமாறிக் கைமாறி எங்கே போய் முடிகின்றன என்பதைப் பார்த்தவன் என்ற முறையில், முதல் இரு வாரத்துக்குள் நடக்கும் அறுவை அதைவிடக் குறைந்த துன்பம் என்றே நினைக்கிறேன். தாய்க்கும் ஒரு நிலையான பயன் உண்டு. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம். இந்த அறுவை அதையும் சேர்த்தே தடுக்கிறது.

ஆபத்தை மறைக்கக் கூடாது. மயக்க மருந்துக்கு முயல் எளிதில் ஈடுகொடுக்கும் விலங்கு அல்ல. பிரிட்டனில் 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மயக்க மருந்து பெற்ற ஆரோக்கியமான முயல்களில் 0.73 சதவீதம் இறந்தன. ஆரோக்கியமான நாய்களில் அது 0.05 சதவீதம்தான். நாள் ஏற ஏறக் கருப்பை பெரிதாகி இரத்த ஓட்டமும் கூடுவதால் ஆபத்தும் கூடும். கடைசி வாரத்தில் இதைச் செய்யச் சொல்லி நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஆகவே இந்த வழியின் பலம் முழுக்க மருத்துவரின் கையில் இருக்கிறது. போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். சமீபத்தில் எத்தனை பெண் முயல்களுக்குக் கருப்பை நீக்கியிருக்கிறீர்கள்? அறுவைக்கு முன் இரவு பட்டினி போட வேண்டுமா? முயலால் வாந்தியெடுக்க முடியாது. குடல் ஓட்டம் நின்றால் அதுவே உயிருக்கு உலை. எனவே நாய், பூனை போல இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் தேடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரிக்கலாம். சிறு ஊர்களில் நாயும் மாடும் பார்க்கும் மருத்துவரே இருப்பார். முயலுக்கு இந்த அறுவை செய்து பழக்கமில்லை என்று அவரே சொன்னால், அந்த நேர்மையை ஏற்று வழி ஒன்றுக்குத் திரும்புங்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஸ்கேன், வலி மருந்து, மறுபரிசோதனை, வெளியூர் என்றால் போக்குவரத்து. இவற்றோடு, அறுவைக்குப் பின் இரண்டு நாள் யாராவது உடனிருந்து, தின்கிறதா, புழுக்கை போடுகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எதையும் தின்னாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும். வேலைக்குப் போகும் இருவர் மட்டுமே உள்ள வீட்டில் விடுப்பும் இதன் விலையில் சேரும்.

## வழி மூன்று: பழகியவர் கையில் ஒப்படைப்பது

முயல் பண்ணை வைத்திருப்பவரிடமோ, பல ஈற்றுப் பார்த்த வளர்ப்பாளரிடமோ தாயைக் குட்டி ஈனும் வரை விடுவது. வீட்டில் பச்சிளங்குழந்தை, வீடு மாறுதல், தவிர்க்க முடியாத பயணம் என்றால் இதை யோசிக்கலாம். பழகிய கை, வேறு தாயின் கூட்டில் குட்டியைச் சேர்த்து வளர்க்கும் வசதி ஆகிய இரண்டும் வீட்டில் கிடைக்காதவை.

ஒன்றை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முயல் பண்ணைகள் பெரும்பாலும் இறைச்சிக்காக நடப்பவை. குட்டிகள் அங்கேயே இருந்தால் அவற்றின் முடிவு என்ன என்பதைத் தெரிந்துகொண்டே ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு வருந்துவதில் பயனில்லை. தாய் திரும்பி வரும்போது சொறியும் இரத்தக்கழிச்சலும் கூடவே வரலாம், இரண்டு வாரமாவது மற்ற முயலிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் இடம் மாற்றினால் மிரண்டு, பிறந்த குட்டிகளை ஒதுக்கிவிடவும் கூடும். இருபதாம் நாளுக்குப் பிறகு இந்த வழியை நாடுவதைவிட, அந்தப் பழகியவரை உங்கள் வீட்டுக்கு இரண்டு நாள் வரவழைப்பது நல்லது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீட்டில் ஈன விடுவது | கருப்பை நீக்கம் | ஒப்படைப்பது |
|---|---|---|---|
| ஏற்ற காலம் | எந்த நாளும். பாதி கடந்தால் இதுவே முதன்மை | முதல் இரு வாரம் | இருபதாம் நாளுக்குள் |
| தாயின் உடல் | ஐந்தாறு மாதம் கடந்து, பருக்காமல் இருக்க வேண்டும் | மயக்க மருந்தைத் தாங்கும் என மருத்துவர் சொல்ல வேண்டும் | பயணத்தைத் தாங்க வேண்டும் |
| மருத்துவர் | அவசரத்துக்கு ஒருவர் | முயல் அறுவை பழகியவர் கட்டாயம் | பண்ணைக்கு அருகில் ஒருவர் |
| கோடை | தாய்க்கும் குட்டிக்கும் கடினம் | பாதிப்பு குறைவு | பயணம் ஆபத்து |
| குட்டிகளுக்கு வீடு | முன்பே பேசி வைக்க வேண்டும் | தேவையில்லை | யாருக்கு என முன்பே முடிவு |
| மறைந்த செலவு | கூடுதல் கூண்டுகள், மாதக்கணக்கில் நேரம் | பின்கவனிப்பு, விடுப்பு | நோய்த்தொற்று, குட்டிகள் மீது உரிமை இழப்பு |

## வழியே அல்லாதவை

பப்பாளிக்காய், எள், அன்னாசி கொடுத்தால் கலைந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். முயலுக்கு இவற்றால் சினை கலையும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். குடல் கெடுவதுதான் மிஞ்சும். மனிதர்களுக்கான கருக்கலைப்பு மாத்திரை கொடுப்பது இன்னும் கொடியது. மருந்தால் கலைக்க முடியுமா என்பதை மருத்துவர் மட்டுமே சொல்ல வேண்டும்.

குட்டிகளைக் கண்மாய்க் கரையிலோ பூங்காவிலோ விட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நம் காட்டில் ஓடும் முயல் வேறு பேரினம். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் வெட்டவெளியில் பிறக்கும். நாம் வளர்ப்பது ஐரோப்பியக் குழிமுயலின் வழி வந்தது. கண் திறக்கவே பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வெளியே விட்டால் வளர்ந்த முயலும் நாய்க்கு இரை, குட்டியும் இரை. பசியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

## எந்த வீட்டுக்கு எது?

சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது, நகரத்தில் நல்ல முயல் மருத்துவர் இருக்கிறார், குட்டிகளுக்கு ஒரு வீடுகூட உறுதியில்லை என்றால் அறுவைதான் என் பரிந்துரை. தயங்கித் தயங்கி மூன்றாம் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வாரக்கணக்கில் ஒன்றாக இருந்தன, நாள் தெரியாது என்றால் முதலில் பெட்டியை வைத்துவிட்டு, இரண்டு மூன்று நாளுக்குள் ஸ்கேன் எடுத்து வளர்ச்சியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தாய்க்கு நான்கு மாதம்கூட ஆகவில்லை என்றால் எந்த வழியும் சுலபமல்ல. அங்கே மருத்துவர் சொல்வதே முடிவு, நானோ பண்ணைக்காரரோ சொல்வதல்ல. மருத்துவரே இல்லாத ஊர், தாய் திடமாக இருக்கிறது என்றால், கூண்டின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் நல்ல பெட்டியுமாக வீட்டிலேயே ஈனட்டும்.

## ஆண் முயலை மறக்காதீர்கள்

தாய்க்கு எந்த வழியானாலும் ஆணுக்கு விதை நீக்கம் செய்துவிடுங்கள். பெண்ணுக்குச் செய்வதைவிட இது சிறிய அறுவை, தேறுவதும் விரைவு. விதைகள் கீழிறங்கிய பிறகு, ஏறத்தாழ நான்காம் மாதத்திலிருந்து செய்யலாம். ஆனால் அறுவை முடிந்த மறுநாளே சேர்த்துவிடக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் வரை விந்தணு மிச்சமிருக்கும். தாய் ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி சினைபிடிக்கக் கூடியது என்பதால், அந்த ஆறு வாரத்துக்குள் பிரசவம் வந்தால் ஆண் முயல் அதே அறையில்கூட இருக்க வேண்டாம். விதை நீக்கிய நாளையும் அதிலிருந்து ஆறாவது வார முடிவையும் அதே நாட்காட்டியில் குறித்து, கூண்டுக் கதவுக்கு மேலே மாட்டிவையுங்கள்; வீட்டில் யார் கதவைத் திறந்தாலும் கண்ணில் படட்டும்.